இரண்டு கரடிகளின் வயது

அன்புள்ள அப்பாவுக்கு,

ராஞ்சியிலிருந்து அக்ஷயா வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஆரணியில் மழை உண்டா? நான் நலம்.

இங்கே ஒரு சின்னக் குழப்பம் நடந்தது. பயப்படாதீர்கள், சரியாகிவிட்டது. ஊருக்குள் புகுந்த இரண்டு கரடிகளை வனத்துறையினர் பிடித்தார்கள். கூண்டுக் கம்பியைக் கடித்து இரண்டுக்கும் பல் உடைந்திருந்ததால், பல்லைப் பார்த்து வயது சொல்ல முடியவில்லை. வயது ஏற ஏற டிஎன்ஏவில் மாறும் குறிகளை ரத்தத்தில் பார்த்துச் சொல்வதுதான் என் வேலை. இளையதைக் காட்டில் விடுவார்கள், வயதானதைக் காப்பகத்தில் வைத்துச் சோறு போடுவார்கள். நான் ரத்தக் குப்பிகளில் அடையாளச் சீட்டை மாற்றி ஒட்டிவிட்டேன். கிழக்கரடி காட்டுக்குப் போய்விட்டது.

காப்பகத்தில் இருந்த கரடிக்குப் புதிதாக ரத்தம் எடுத்துச் சோதித்தபோது தவறு தெரிந்து, ஓடிப்போய்ச் சொன்னேன். ஓடைப் பக்கம் எலும்பும் தோலுமாகப் படுத்துக் கிடந்ததைத் தேடிக் கொண்டுவந்தார்கள். இளையதைக் காட்டில் விட்டாயிற்று. யாரும் என்னைத் திட்டவில்லை. கிழக்கரடியைப் பார்க்கப் போனேன். எறும்பைக்கூட மிதிக்காமல் பார்த்து நடக்கும் சமண வீட்டில் பிறந்தவள், அதன் முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பிவிட்டேன்.

அம்மாவிடம் பருப்புப்பொடி கேட்டு அனுப்புங்கள். இங்கே எல்லாவற்றிலும் பூண்டு. அறையில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

போன வாரம் போனில், "ஒரு சொட்டு ரத்தத்துல வயசைச் சொல்லிடுவா எம்பொண்ணுன்னு, நம்ம புடவைக் கடைக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிகினு இருக்கேம்மா" என்றீர்கள். சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, அப்பா. கொஞ்ச நாளைக்கு யாரிடமும் அதைச் சொல்லாதீர்கள்.

ஆய்வகத்தில் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்,
அக்ஷயா