சாவி வராத மேட்னி

மரியே வாழ்க

அன்பு மகள் ஷெரினுக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே சுகம், என் இடது முழங்கால் மட்டும் என்னோடு ஒத்துப்போகவில்லை. நீயும் மாப்பிள்ளை ஆல்வினும் என் தங்கப் பேத்தி ஆஷிகாவும் துபாயில் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். ஆஷிகா பாட்டுப் போட்டியில் கப்பு வாங்கிய போட்டோவை நம் தெருவில் பார்க்காத ஆள் இல்லை, பால்காரருக்கு மட்டும் இரண்டு தடவை காட்டிவிட்டேன். போனில் சொல்லாமல் இதை எழுதி, லீவு முடிந்து துபாய்க்குத் திரும்புகிற இம்மானுவேல் மகன் கையில் கொடுத்து அனுப்பக் காரணம் இருக்கிறது. போனில் நான் வாயைத் திறந்தாலே மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், இது இப்போதைக்கு அவர் காதுக்கு வேண்டாம்.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தியேட்டரை வைகுண்டராஜ் குத்தகைக்குத் தருகிறார், துபாய் மாலில் தியேட்டர் மேனேஜர் வேலை பார்த்தது போதும், இங்கே வந்து அதை எடுத்து நடத்தலாம் என்று உனக்கு ஆசை. மாப்பிள்ளையோ ஊர் நடுவில் தியேட்டர் நடத்துகிற காலம் போய்விட்டது, கட்டினால் பைபாசில் புதிதாகக் கட்டணும், மற்றபடி எல்லாரும் போனிலேயே பார்க்கிறார்கள் என்கிறார். நாம் எடுக்காவிட்டால் ஜவுளிக்கடைக்காரர் வாங்கி இடித்துவிடுவார். அம்மா நீ போய்ப் பார்த்துச் சொல் என்றாய். அஞ்சாங்கிளாசோடு நின்றவளை நம்பி இம்புட்டுப் பெரிய வேலையைக் கொடுத்தாயே என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆனால் நான் தனியாகப் போனால் மகளுக்காகப் பொய் சொல்கிறாள் என்பார்கள். அதனால் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து உன் மாமியார் தங்கபாயையே சாட்சிக்கு வரவழைத்தேன். அவளுக்கும் தியேட்டர் யோசனை பிடிக்காது, அவள் சர்ச்சில் சினிமா என்றாலே முகத்தைச் சுளிப்பார்களே. வீட்டில் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, தலையில் முக்காடும் கையில் பால்கோவாவுமாக பஸ்ஸிலிருந்து இறங்கினாள். வெளித் தீனி கொண்டுபோகக் கூடாது என்று வாசலில் தடுத்தார்கள். எனக்கு சுகர் இறங்கிப்போனா இதுதான் தம்பி மருந்து என்று சொல்லி உள்ளே வந்துவிட்டாள். எனக்குத் தெரிந்து அவளுக்கு சுகரே கிடையாது.

மறைக்காமல் சொல்கிறேன், மேட்னிக்குக் கூட்டம் குறைவுதான். பால்கனியில் கிருஷ்ணன்கோவில் காலேஜ் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக உட்கார்ந்து, எதிரே அவ்வளவு பெரிய திரை இருக்க மடியில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை சொல்வது சரிதானோ என்று எனக்கே தோன்றியது. படத்தில் ஒரு மாமியார் காணாமல் போகிறாள், மருமகள் திருதிருவென்று முழிக்கிறாள், அங்கே இடைவேளை விட்டார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போய் வந்தது. பிறகு படம் ஓடவில்லை. ஆபரேட்டர் வந்து, கரண்டு போனதுல படம் பூட்டிக்கிட்டு, புதுச் சாவி வரலை, மெட்ராசிலிருந்து அனுப்பணும் என்றார். மகாராஜபுரத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்து, அப்படியே படத்துக்கும் வந்திருந்த வேலுத்தாய் எழுந்து, இதுக்கா மெட்ராசுக்குப் போவணும், மார்க்கெட்டு முக்குல பூட்டு ரிப்பேர்காரரு இருக்காரு, ஒரு எட்டுப் போய்க் கூட்டியாங்க என்றாள். உன் மாமியார் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, இதை வச்சு நெம்பிப் பாருங்க என்று நீட்டினாள். அது படத்தைத் திறக்கக் கம்ப்யூட்டருக்குள் அனுப்புகிற சாவியாம், கையில் பிடிக்க முடியாதாம். ஆபரேட்டர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

இப்போதுதான் விஷயம். ஒருத்தரும் எழுந்து வீட்டுக்குப் போகவில்லை. மருமகள்தான் கொன்னு புதைச்சிருப்பா என்று வேலுத்தாய் ஆரம்பித்தாள். உன் மாமியாருக்கு வந்ததே கோபம், முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் எழுந்து, ஏட்டி, கொல்லவும் இல்ல புதைக்கவும் இல்ல, அம்புட்டுப் பேருக்கும் ஆக்கிப் போட்டு அலுத்துப்போய் அவளே பையைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டா, எந்த மாமியாருக்கும் ஒரு நாள் அப்படித் தோணும் என்றாள். அவ்வளவுதான், கீழே இரண்டு கட்சி ஆகிவிட்டது. காலேஜ் பிள்ளைகள் போனை மூடிவிட்டுப் பால்கனி கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏலே, ஆச்சி சொல்லுததுதான் சரி என்று கத்தினார்கள். பால்கோவா யார் யார் கைக்கோ போய், எனக்கு வெறும் இலைதான் வந்தது. கடைசியில் சாவி வந்து படம் ஓடினால், மாமியாருக்குத் தலையில் அடிபட்டு ஞாபகம் போய்விட்டதாம். தியேட்டரே சிரித்தது, ஆச்சி கதையைப் போடு என்று ஒரே விசில். சண்டை போட ஆள் இல்லாமல் போனில் தனியாகப் படம் பார்த்து என்ன செய்ய, நீயே சொல். பைபாசில் கட்டினால் கார்க்காரன் போவான், வேலுத்தாய் எப்படிப் போவாள்?

ஆனாலும் நீ எடுத்தால் முதலில் பொம்பளைகள் கக்கூசுக்குத் தாழ்ப்பாள் போடு, படிக்குக் கைப்பிடி வை, பாப்கார்ன் விலையைக் கேட்டு ஆள் மயங்காத மாதிரி பார்த்துக்கொள். இதெல்லாம் செய்தும் ஓடாமல் போகலாம், எனக்குத் தெரியாது. பேத்தி பக்கத்தில் இருப்பாள் என்பதற்காக இப்படி எழுதுகிறேன் என்று நினைக்காதே, அதற்காகவும்தான் எழுதுகிறேன்.

வெளியே வரும்போது வாசலில் வைகுண்டராஜ் நின்றார். நான் வாயே திறக்கவில்லை, மாதா சத்தியம். உன் மாமியார்தான் நேரே போய், இதையா இடிக்கப் போறிய, எம் மவனும் மருமவளும் வாராவ, அவியதான் நடத்தப் போறாவ, ஜவுளிக்கடைக்காரர வேற எடம் பாக்கச் சொல்லுங்க என்றாள். அவர் சரிம்மா, தை வரைக்கும் பொறுக்கேன் என்று கும்பிட்டார். பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் அவளுக்குச் சூடு தணிந்துவிட்டது. மதினி, நான் அவர்ட்ட என்ன சொன்னேன் என்று மெதுவாகக் கேட்டாள். பஸ் ஆரன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல மதினி என்றேன்.

அதனால் இதைப் படித்த கையோடு நீ அவளுக்குப் போன் போட்டு, அத்தை நீங்க வாக்குக் கொடுத்தது எனக்குப் பெரிய பலம் என்று நன்றி சொல்லிவிடு, அவள் மாப்பிள்ளையிடம் வேறு மாதிரி பேசுவதற்குள் முந்திக்கொள். ஆஷிகாவை ஈரத்தலையோடு ஏசியில் உட்கார விடாதே. மாதா உங்கள் மூன்று பேரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். நன்றி சொல்லும்போது யார் சொன்னார்கள் என்று கேட்பாள், வைகுண்டராஜ் என்று சொல். எனக்குத்தான் ஒன்றும் கேட்கவில்லையே.

இப்படிக்கு,
உன் அம்மா
சந்தனமேரி