ஒட்டு இல்லை என்று நான் சொன்னது

அன்புள்ள மகளுக்கு,

எழுதுவது உன் அப்பா. எழுதும் நோக்கம் ஒன்றே ஒன்று: பல் டாக்டருடைய கிட்டார் அவரிடமே திரும்பி வரவேண்டும். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. எனக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது, காரணம் நீ. இதைப் போனிலேயே சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்கிறாய், பத்தாவதாகச் சிரிக்கிறாய், சிரித்த பிறகு நான் எதற்குக் கோபப்பட்டேன் என்பதே எனக்கு மறந்துபோகிறது. காகிதத்துக்கு அந்தப் பலவீனம் இல்லை. செல்லப்பெயரையும் இக்கடிதத்தில் எழுதப்போவதில்லை. எழுதினால் கை இளகிவிடும்.

சைக்கிள் கடை மாடியில் சனிக்கிழமைதோறும் நாங்கள் கூடும் அறையை நீ அறிவாய். வாசிப்பு கால் பங்கு, கிட்டாரைப் பற்றிய பேச்சு முக்கால் பங்கு என்று உன் அம்மா சொல்வதை நான் மறுக்கவில்லை. போன வாரம்கூட எங்கள் கூட்டத்துப் பஸ் டிரைவர் பழைய சாமான் சந்தையிலிருந்து, கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் பித்தளைக் கேப்போ ஒன்றைக் கண்டெடுத்து வந்தார். கதவுக் கீல் போலக் கனம். கழுத்தில் மாட்டினால் கிட்டாரே தலைகுப்புறச் சாய்கிறது. ஆனாலும் அதற்கு இரண்டு பேர் போட்டி. அங்கே விற்பனை கிடையாது, ஒன்றைக் கொடுத்து ஒன்றை மாற்றிக்கொள்வது மட்டுமே. மாற்றுவதற்கு முன் கொடுப்பவர் தன் வாத்தியத்தின் மேல் கையை வைத்து மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும்: விரிசல் உண்டா, ஒட்டு உண்டா, உதிரி மாற்றியது உண்டா. விரிசல் கிட்டார் ஒன்றால் அந்தக் கூட்டமே இரண்டாக உடையப் பார்த்தபோது இந்த விதியை எழுதியவன் நான். உண்டு என்று சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை. உண்டு என்று சொல்லியே எத்தனையோ கிட்டார்கள் கைமாறியிருக்கின்றன.

அதே அறைக்கு வரும் பல் டாக்டருடைய கிட்டார் எப்படிப்பட்டது என்பதும் உனக்குத் தெரியும். மூடிய ஆஸ்பத்திரி ஒன்றின் சாமான்களை ஏலம் விட்டபோது, எக்ஸ்ரே பெட்டிகளுக்கு அடியிலிருந்து அவர் கண்டெடுத்த சிறிய பழுப்பு மரக் கிட்டார். அதை அவர் யாருக்கும் இரவல்கூடக் கொடுத்ததில்லை. நான் அனுப்பிய வீடியோவில் அதன் குரலைக் கேட்ட நாளிலிருந்து நீ என்னை அரித்தெடுத்தாய். நீ வீட்டில் விட்டுப்போன பெரிய கிட்டாரை அவருக்குக் கொடுத்து அதை வாங்கித் தரச் சொன்னாய். உனக்கு ரெக்கார்டிங் வாய்ப்பு வந்திருக்கிறது என்பதற்காகவே அவர் சம்மதித்தார். அது உன் கிட்டார் என்பதால், எல்லோர் முன்னிலையிலும் ஸ்பீக்கரில் உன்னைக் கூப்பிட்டுக் கேள்விகளைக் கேட்டேன். ஒட்டெல்லாம் ஒண்ணுமில்லப்பா, கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க என்றாய். நான் உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டுதான் சொல்லியிருக்கிறேன். கையை வைத்து, ஒட்டு இல்லை என்று, நல்ல உரத்த குரலில். அவர் கிட்டாரை உனக்குப் பார்சலில் அனுப்பியதும் நான்தான்.

டாக்டர் உன் கிட்டாரைக் கிளினிக்கில் வைத்துக்கொண்டு மதிய இடைவேளையில் வாசிப்பார். அங்கே புதிதாக ஒரு நீல விளக்கு வந்திருக்கிறது; பல்லில் முன்பு அடைத்த இடம் இருந்தால் அது மட்டும் வேறு நிறமாக ஒளிருமாம். புது விளக்கு வந்த உற்சாகத்தில் நர்ஸின் பல்லில் அடித்துப் பார்த்திருக்கிறார், வரவேற்பில் இருக்கும் பெண்ணின் பல்லில் அடித்துப் பார்த்திருக்கிறார், கடைசியில் கிட்டாரின் மேலும் அடித்திருக்கிறார். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் ஒரு பட்டை மட்டும் பச்சையாக ஒளிர்ந்திருக்கிறது. என்னை வரவழைத்து நோயாளி நாற்காலியில் உட்காரவைத்துக் காட்டினார். சார், கோச்சுக்காதீங்க, உங்க பொண்ணு கிட்டாருக்கு யாரோ கேப் போட்டிருக்காங்க, ரொம்ப நல்ல வேலை சார், நான் போட்டிருந்தாக்கூட இவ்வளவு சுத்தமா வந்திருக்காது என்றார். அந்த நாற்காலியில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அன்று மாலை கேட்டபோது நீ மறைக்கவில்லை. ஹோட்டல் மேடையில் ஸ்டாண்டோடு சாய்ந்து விழுந்தது, தலை தனியாக வந்துவிட்டது, ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஒட்டி மேலே கறுப்புப் பூச்சும் அடித்தாயிற்று என்று தயிர்சாதம் சாப்பிட்ட கதை போலச் சொன்னாய். பிறகு வாதம் வேறு. எல்லா கிட்டார் கழுத்துலயும் ஒட்டு இருக்கும்ப்பா, ஃபேக்டரியிலயே ரெண்டு மரத்தச் சேத்துத்தான் செய்றாங்க, நீங்க எந்த ஒட்டுன்னு கேக்கவே இல்லியே என்றாய். எல்லா கிட்டாரிலும் ஒட்டு இருக்குமென்றால் நீ சொல்லியிருக்கவேண்டிய பதில் உண்டு என்பதல்லவா? உன் வாதத்தின்படியே உன் பதில் பொய். விதியில் ஓட்டை தேடுகிறவர்கள் முதலில் தங்கள் காலடியில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

ஒட்டிய இடம் ஒட்டாத இடத்தைவிட உறுதி என்றும் சொன்னாய். இருக்கலாம். நான் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று எழுதுகிறவன். வடத்தில் ஓர் இழை அறுந்தால் மற்ற இழைகள் தாங்கும் என்பது எனக்கும் தெரியும். தாங்குவது வடத்தின் வேலை. அறுந்திருக்கிறது என்று எழுதுவது என் வேலை. என்னை ஒருமுறைகூடப் பார்த்திராதவர்கள் என் கையெழுத்தை நம்பிப் பெட்டிக்குள் ஏறிக் கதவை மூடிக்கொள்கிறார்கள். நீ மட்டும் பொய் சொல்லியிருந்தால் அது உன்னோடு போயிருக்கும். நீ என் கையை எடுத்து அதன் மேல் வைத்து என் வாயால் சொல்ல வைத்தாய். இதுதான் எனக்குத் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

போன சனிக்கிழமை அந்தக் கேப்போ கைமாறுவதற்கு முன் வழக்கம்போல இரண்டாம் கேள்வியைக் கேட்டேன். பஸ் டிரைவர் கேப்போவின் மேல் கையை வைத்து, எந்த ஒட்டு சார், ஃபேக்டரி ஒட்டா, உங்க வீட்டு ஒட்டா என்றார். உன் ஃபேக்டரி வாதம் அதற்குள் அங்கே பரவிவிட்டிருக்கிறது. அறையே சிரித்தது. டாக்டரும் சிரித்தார், அதோடு விடாமல், இருக்கட்டும் சார், சத்தம் நல்லாத்தானே இருக்கு, பாப்பா நல்லா வாசிக்கட்டும் என்று என் தோளைத் தட்டினார். அவர் திட்டியிருந்தால் வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

உன் அம்மா உன் கட்சி. புள்ள ரெக்கார்டிங்க முடிச்சிட்டு அனுப்பட்டுமே, உங்க சட்டம் ஒரு மாசம் லீவு போடாதா என்று கேட்கிறாள். அந்தக் கிட்டார் இல்லையென்றால் ரெக்கார்டிங்கே இல்லை என்று நீ அழுததையும் அவள் சொன்னாள். நீ அனுப்பிய பதிவை நானும் கேட்டேன். இரண்டு முறை கேட்டேன். அந்தச் சின்ன உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நீ வாசித்ததும் நன்றாக இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவ்வளவு நல்ல வாத்தியத்தை ஒரு மனிதர் எதை நம்பிக் கொடுத்தாரோ அது இல்லாமல் போய்விட்டது. மாற்றிக்கொள்வதே நடக்கவில்லை என்றுதான் பொருள். ஆகவே உன் கையில் இருப்பது அடுத்தவர் சொத்து. ரெக்கார்டிங்குக்கு அதுதான் வேண்டுமென்றால் அவருக்கு நீயே போன் செய்து, நடந்ததை நடந்தபடி சொல்லி, இரவலாகக் கேள். அவர் கொடுத்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். உனக்குப் பதிலாக அம்மாவையோ என்னையோ பேசவைக்காதே.

திருப்பி அனுப்பும்போது கம்பிகளைத் தளர்த்திவிடு. பெட்டிக்குள் தலைக்கு அடியில் துணியை மடித்து வை. கிட்டார் எந்த இடத்தில் உடையும் என்பதை உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அம்மா அனுப்பிய ஸ்வெட்டர் சேர்ந்ததா என்று எழுது. கேட்டுக்கேட்டு என் காதைத் துளைக்கிறாள். நீ நூறாண்டு இருக்கவேண்டும், உன் விரல்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. கோபத்தோடு சொன்னாலும் ஆசி ஆசிதான். டாக்டருக்குப் போன் செய்வதை மறக்காதே. மறந்துவிட்டேன் என்ற பதில் ஏற்கப்படாது.

இதைத் தபாலில் சேர்த்துவிட்டு நேராக அவர் கிளினிக்குக்குப் போகிறேன். உன் கிட்டாரை வாங்கிக்கொண்டு, அவர் கை சும்மா இருக்கக்கூடாது என்பதால் என்னுடையதை அங்கே வைத்துவிட்டு வருவேன். பிறகு கழுத்தில் அடித்திருக்கும் அந்தக் கறுப்புப் பூச்சை உப்புத்தாளால் நானே தேய்த்து எடுப்பேன், ஒட்டு வெளியே தெரிகிறவரை. வரும் சனிக்கிழமை அதை மாடி அறைக்குக் கொண்டுபோய், யார் சிரித்தாலும், அதன் மேல் கையை வைத்து இரண்டாம் கேள்விக்கு உண்டு என்று சொல்லப்போகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா