நான்கு ஆணிக்கு ஒரு கடிதம்

ஜூன் 7, சனி

காற்று. விடியற்காலையிலிருந்தே கூரைத் தகரம் படபடவென்று. மழை இல்லை. இனி மூன்று மாதத்துக்கு இப்படித்தான்.

பதுளைக்குப் போய் டிவி வாங்கியாயிற்று. தட்டை டிவி, இருபத்தாறு இஞ்சு. துணைக்குப் பக்கத்து வீட்டுக் காம்பரா மாணிக்கம் மாமா. சந்தோஷத்தை எழுதத்தான் கொப்பியைத் திறந்தேன். எரிச்சல்தான் முந்திக்கொண்டு வருகிறது.

முதலில் கடைக்காரன். எந்த ஊர் என்று கேட்டான். தெமோதரைப் பக்கம், தேயிலைத் தோட்டம் என்றேன். அவ்வளவுதான், முகம் மாறிவிட்டது.

"தோட்டத்துக்குன்னா அந்த மூலையில பாருங்க மிஸ். பழைய டிவி. நல்லா ஓடும்."

"நான் கேட்டது சுவத்துல மாட்டுற டிவி."

"அது வீடுகளுக்குத்தான் சரி. லயத்துச் சுவர் தாங்காது."

வீடுகளுக்காம். அப்போ நாங்கள் வரிசையாக ஒட்டிக் குடியிருக்கும் லயம் மாட்டுப்பட்டியா? "தாங்குதா இல்லையான்னு நான் பார்த்துக்கிறேன், நீங்க பில்லப் போடுங்க" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது போல. மாணிக்கம் மாமா வெளியே வந்து பயங்கரச் சிரிப்பு.

அப்புறம் பஸ். சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். பெட்டி மேலேயே டிவி படம் அத்தனை பெரிதாக இருக்கிறது. ஆனாலும் "இது என்ன?" என்று சிங்களத்தில் கேள்வி. ஆமிக்காரன் ஒருவன் பெட்டியை ரோட்டோரத்தில் வைத்து உடைக்கச் சொன்னான். உள்ளே டிவியைச் சுற்றி வைத்திருந்த வெள்ளை ரெஜிஃபோம் துண்டுகள் காற்றில் பறந்து பள்ளத்தில் விழ, மாமா பின்னால் ஓட, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்க்க. அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். டீச்சர் என்று சொன்னேன். அதற்கும் ஒரு பார்வை.

வீடு வந்து சேர ஐந்து மணி. அம்மா பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, கனமே இல்ல. உள்ள சாமான் வச்சானா இல்லையா?"

ஜூன் 8, ஞாயிறு

காற்று நிற்கவில்லை. துணி துவைத்தது. கொப்பி திருத்தியது: பதினாறு.

இதை எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு வாங்கினேன் என்பதே மறந்துவிடும். அம்மாவின் பேர் வெட்டி நாற்பது நாள். வயது முடிந்துவிட்டது என்று தோட்டத்து ஆபீசில் வேலைப் பதிவிலிருந்து வெட்டினார்கள். முப்பத்தெட்டு வருடம் கொழுந்துக் கூடை. முழங்கால் இரண்டும் போய்விட்டது, படி இறங்கும்போது சுவரைப் பிடிக்கிறாள். ஆனாலும் உட்கார மாட்டேன் என்கிறாள். விறகு, தண்ணீர், கோழி, பக்கத்து வீட்டுப் பிள்ளை. சாப்பிடுவதும் அடுப்பங்கரையில் நின்றபடிதான். எனக்கு இருபத்தொன்பது வயது, அம்மா சும்மா உட்கார்ந்திருந்து நான் ஒருநாளும் கண்டதில்லை. அவளை உட்கார வைக்கத்தான் இந்த டிவி.

எங்களுக்கு இருக்கிற ஒரே அறை இந்தக் காம்பரா, பத்தடிக்குப் பன்னிரண்டு. அதற்குள்:
கட்டில்
அலுமாரி
அரிசி டிரம்
என் மேசை, அதன் மேல் கொப்பிகள்
சாமித் தட்டு, அப்பா படம்
தம்பியின் தகரப் பெட்டி (ஆள் கொழும்புக் கடைக்குப் போய் நாலு வருடம், பெட்டி மட்டும் நகரவில்லை)

டிவிக்கு இடம்: சுவர் மட்டும். மாணிக்கம் மாமா வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் உள்ள சுவர். நாலு பெரிய ஆணி இறக்கினால் போதும்.

ஆனால் போன வருடம் ஆபீசில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்களே, தொரையின், அதாவது தோட்ட மேனேஜரின், அனுமதி இல்லாமல் லயத்துச் சுவரில் கைவைக்கக் கூடாது என்று. ஒருவரும் மதிக்கவில்லை, அது வேறு. மாமா போன மாதம்கூட மெஷினால் ஓட்டை போட்டு வயர் இழுத்தார். நான் அப்படிச் செய்வதாக இல்லை. பிள்ளைகளுக்கு ஒழுங்கு சொல்லிக் கொடுக்கிறவள், திருட்டுத்தனமாக ஆணி அடிப்பதா? முறைப்படி கடிதம் எழுதிக் கேட்டால் என்ன?

எழுதினேன். ஆங்கிலத்தில். இரண்டு தரம் கிழித்து, மூன்றாவது தரம் சுத்தமாக. அம்மாவின் பேர், அவள் வேலை செய்த வருடங்கள், ஓய்வு பெற்ற தேதி, என் பேர், என் உத்தியோகம் எல்லாம் வரிசையாக.

அம்மா: "நாலு ஆணிக்கு எதுக்குடி கடுதாசி? சும்மா அடி."

"உங்களுக்கெல்லாம் ஒன்னும் தெரியாது. பேசாம இரும்மா" என்றேன்.

ஜூன் 9, திங்கள்

பள்ளிக்கூடம் போகும் வழியில் ஆபீசில் கடிதம் கொடுத்தேன். பெரிய கிளாக்கர் வாங்கிப் படித்துவிட்டு, கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்து ஆள், சிரிக்க மாட்டார். "வடிவான எழுத்து" என்றார். அழகு என்கிறார், எனக்குப் பெருமை. அதையும் எழுதி வைக்கிறேன்.

மாலை டிவியை அரிசி டிரம் மேல் வைத்துப் பார்த்தோம். மாமா வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் நின்று மூங்கில் கம்பத்தில் கட்டிய அன்டெனாவைத் திருப்ப, நான் உள்ளே.

"இப்ப வருதா?"

"வரல."

"இப்ப?"

"வந்துச்சு. ஐயோ, போச்சு."

காற்று ஒருதரம் அடித்தால் அன்டெனா மலைப்பக்கம் திரும்பிவிடுகிறது. கடைசியில் கம்பத்தை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினார். ஏதோ நாடகம் வந்தது. அம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்று பார்த்தாள்.

"உக்காரும்மா."

"அரிசி எடுக்கணும்னா டிவிய எறக்கணுமே" என்கிறாள். எனக்கு வந்ததே கோபம்.

ஜூன் 11, புதன்

ஆபீசிலிருந்து பதில் இல்லை. டிவி இரண்டு தரம் இறங்கி ஏறியது, அரிசிக்காக. மூன்றாம் வகுப்பு டீச்சர் வரவில்லை, இரண்டு வகுப்பும் என் தலையில். தொண்டை கட்டிவிட்டது.

மாமா: "என்னா டீச்சர், தொரை இன்னும் ஆணிய அளந்துக்கிட்டு இருக்காரா?"

லயம் முழுக்க இதுதான் கதை இப்போது. சிரிக்கட்டும். அனுமதி வந்ததும் எல்லாரையும் கூப்பிட்டு அவர்கள் முன்னாலேயே அடிப்பேன்.

ஜூன் 13, வெள்ளி

பதில் வந்தது. ஆபீஸ் ஆள் கொண்டு வந்து அம்மா கையில் கொடுத்திருக்கிறான். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. டிவிக்கு உத்தரவு வந்துவிட்டது என்று நினைத்து, சாமித் தட்டில் வைத்துக் குங்குமம் பூசியிருந்தாள்.

ஆணியைப் பற்றி ஒரு வரி இல்லை. இருந்தது இவ்வளவுதான்:

உங்கள் கடிதத்தின்படி இந்தக் காம்பரா யார் பேரில் உள்ளதோ அவர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது இங்கே குடியிருப்பவர்களில் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்பவர் யார்? இரண்டு வாரத்தில் அறிவிக்கவும். ஒருவரும் இல்லாவிட்டால் காம்பராவைக் காலி செய்து ஒப்படைக்கவும்.

நாலு தரம் படித்தேன். அம்மாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சொன்னேன். குங்குமம் பட்ட இடத்தை முந்தானையால் துடைத்தாள்.

எங்கள் அப்பாவின் தாத்தா காலத்திலிருந்து இதே காம்பரா. என் தொப்புள்கொடி பின்னால் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் புதைந்து கிடக்கிறது. காலி செய்யவாம். யாருடைய வீட்டை யார் காலி செய்வது? எழுத்து கோணுகிறது. கோணட்டும். வடிவான எழுத்து போதும்.

ஜூன் 14, சனி

ஆபீஸ். ஒரு மணி நேரம் வெளியே நிற்க வைத்தார்கள். டீச்சர் என்றாலும் கூலிக்காரி மகள்தானே, பெஞ்சு காட்டுவார்களா?

பெரிய கிளாக்கர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல்.

"பிள்ளை, லயத்தில முக்கால்வாசி வீட்டில இந்தப் பிரச்சினை இருக்கு. ஒருத்தரும் எழுதித் தாறேல்லை, நாங்களும் கேக்கிறேல்லை. நீர் எழுதித் தந்திட்டீர். அது ஃபைலில ஏறிட்டுது. தொரை பாத்திட்டார். நான் இனி என்ன செய்யிறது?"

"ஆணி அடிக்கத்தானே கேட்டேன்?"

"ஓம். அதோட ஓய்வு பெற்ற திகதியும் எழுதினீர்."

முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வேறு வழி கேட்டேன். வீட்டில் யாராவது ஒருத்தர் பேர் விழுந்தால் போதுமாம், நாள்கூலியாக, கைக்காசுக்குக் கொழுந்து எடுத்தாலும் பரவாயில்லையாம். தம்பி வருவானா என்றார். கொழும்பிலிருந்து அவன் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்ட வரப்போகிறானா? போனில் கேட்டேன், "நீ ஏன்க்கா எழுதின?" என்றான்.

தொழிற்சங்கத் தலைவரிடம் போனேன். "ஏன் டீச்சர் எழுதுனீங்க?"

மாணிக்கம் மாமா: "நான் அப்பவே சிரிச்சேன். நீங்க ஏன் எழுதுனீங்க?"

காலி செய் என்று எழுதியவனை ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நான் எழுதினதுதான் எல்லாருக்கும் குற்றம்.

அம்மா மட்டும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஜூன் 15, ஞாயிறு

ஆணி அடித்தேன்.

காலையிலேயே மாமா வீட்டில் துளைபோடுகிற மெஷினை வாங்கி வந்து நானே போட்டேன். அனுமதியும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். போகச் சொல்கிற வீட்டின் சுவர் கெட்டால் எனக்கென்ன? முதல் ஓட்டை கல்லில் பட்டு நெருப்புப் பொறி. இரண்டாவது சுண்ணாம்பாகக் கொட்டியது. மூன்றாவது அந்தப் பக்கமே போய்விட்டது. மாமாவின் சத்தம்: "டீச்சர், டீச்சர், கலண்டர்ல ஓட்ட!" அவர்கள் வீட்டுக் கலண்டரில் இந்த மாதத்துக்கு நடுவில் துளை. நாலு நாள் காணாமல் போய்விட்டது. மாமா அந்தத் துளை வழியாக ஒரு கண்ணை வைத்து, "பரவால்ல, படம் இங்கிட்டும் தெரியும்" என்றார். அம்மா சிரித்தாள். நானும்தான். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவை.

சுவர் தாங்கியது. கடைக்காரனுக்குச் சொல்ல வேண்டும்.

மத்தியானம் சோறு, கருவாட்டுக் குழம்பு. சாப்பிட்டு அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். தானாகவே உட்கார்ந்தாள், நான் சொல்லவில்லை. காலை நீட்டி, முழங்காலில் எண்ணெய் தேய்த்தபடி முக்கால் மணி நேரம் டிவி பார்த்தாள். நான் கொப்பி திருத்துகிற மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிவியில் வந்த மாமியாரைத் திட்டினாள். விளம்பரத்தில் வந்த குழந்தைக்குச் சிரித்தாள்.

நடுவில், திரையிலிருந்து கண் எடுக்காமல்: "யாராச்சும் ஒருத்தர் பேரு இருந்தாப் போதும்னுதானே அந்த ஐயா சொன்னாரு?"

"அதை நான் பாத்துக்கிறேன். நீ டிவியைப் பாரு."

ஜூன் 16, திங்கள்

காற்று. குளிர்.

ஐந்தரைக்கு எழுந்தேன். கட்டிலில் அம்மா இல்லை. அடுப்பில் தேத்தண்ணீர் மூடி வைத்திருந்தது. கோழிக்கூண்டுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த கூடையைக் காணவில்லை.

தலை சீவாமல், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். வரிசையில் கடைசி ஆள். இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையில் துண்டு. பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாமார், என்னைக் கண்டதும் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"வா வீட்டுக்கு" என்றேன்.

"சத்தம் போடாத. கங்காணி பேரு கூப்புடுறாரு."

"ஒன்னால நடக்கவே முடியல. மலை எப்படி ஏறுவ?"

"ஏறுவேன். நீ பள்ளிக்கூடம் போ. நேரமாச்சு."

கங்காணி கடைசியாக, புதிதாகச் சேர்த்த அம்மா பேரைக் கூப்பிட்டார். "இருக்கேன்யா" என்றாள், இருபது வயதுக்காரி மாதிரி. நான் அங்கேயே நின்று எல்லாரையும் திட்டினேன். கங்காணியை, தொரையை, அங்கே இல்லாத கிளாக்கரை. வரிசை மலை ஏறிப் போனது, அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து.

பள்ளிக்கூடத்தில் இன்று நான் அடித்த பிள்ளைகள் மூன்று. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

மாலை ஐந்தரைக்கு வந்தாள். கோபத்தில் நான் கொப்பியை விட்டு நிமிரவில்லை. அவளாகவே சொன்னாள்: மத்தியானம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்களாம், கைக்காசு ஆளாகப் பேர் பதிந்தாயிற்றாம், இனி ஒருத்தனும் காலி பண்ணச் சொல்ல மாட்டானாம். பெரிய கிளாக்கர் என் கடிதத்தை எடுத்துக் காட்டினாராம்.

"முத்து முத்தா எழுதியிருக்கியாமே. தோட்டத்திலயே இப்படி ஒருத்தரும் எழுதுனது இல்லையாம். எனக்குப் பெருமையா இருந்துச்சுடி."

கட்டிலில் உட்கார்ந்தாள். டிவியைப் போடச் சொன்னாள். போட்டேன். அன்டெனாவைத் திருப்ப வெளியே போய்விட்டு வருவதற்குள், உட்கார்ந்தபடியே தூக்கம். வாய் கொஞ்சம் திறந்து. மடியில் கை. பெருவிரலில் கைநாட்டு வைத்த நீல மை, கழுவவில்லை.