ஊதாப் புட்டியில் நீ வரைந்த கோழி

மச்சான்,

எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். கோழி கிளறிய மண் போல இருக்கிறது என்று சிரிப்பாய். சிரி. கோழியைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை வெள்ளைப் பெட்டையின் முதுகை உடும்பு கிழித்துவிட்டது. தூக்கிக்கொண்டு ஓடிவந்து, நீ மருந்துப் புட்டிகள் போட்டுத் தந்த பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மருந்து வாடை குப்பென்று அடித்தது. நீயே பக்கத்தில் நிற்பது போல் இருந்தது.

டின்னைத் தந்த அன்று, "எல்லாத்துலயும் எழுதி ஒட்டியிருக்கேன் லா. படிச்சுப் பாத்துப் போடு" என்றாய்.

"கண்ணாடி வீட்டுல இருக்கு மச்சான்."

"ஒனக்கு என்னைக்கும் கண்ணாடி வீட்டுலதான்."

எனக்குக் கண்ணாடியே கிடையாது. எழுத்தும் அப்போது தெரியாது. இத்தனை வருடப் பழக்கத்தில் அதை மட்டும் உன்னிடம் சொல்லவில்லை.

அந்த மாதமே கறுப்புப் பெட்டைக்குக் காயம் பட்டது. சின்ன வயதில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நம் முழங்காலுக்கெல்லாம் சிவப்பு மருந்துதானே போட்டார்கள்? டின்னில் இருந்த சிவப்பையே தடவிக் கூட்டத்தோடு விட்டேன். மற்ற கோழிகள் சிவப்பைக் கொத்திக் கொத்தியே அதைக் கொன்றுவிட்டன. நாய் கடித்தது என்று உன்னிடம் சொன்னேன். நாய் கடிக்கவில்லை, மச்சான். நீயோ, "போவுது, வேற தரேன்" என்று ஜெராம் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் இந்த வெள்ளையைக் குஞ்சாகக் கொண்டுவந்தாய். இதையும் நான் கொல்லக் கூடாது.

நாலு மாதமாகக் கோயில் மண்டபத்தில் எழுத்துப் படிக்கிறேன். நேற்று பெட்டை மடியில் துடிக்க, எழுத்துக் கூட்டிப் படித்தேன். சிவப்புப் புட்டியில்: "இது நம்ம கைக்கு. கோழிக்கு வேண்டாம். சிவப்பைப் பார்த்தால் கொத்தும்." ஊதாப் புட்டியில்: "உப்புத் தண்ணீரில் கழுவிப் போடு. தனியாகக் கூடையில் வை." கூடை என்ற சொல்லை மூன்று தடவை படித்தேன், சந்தோஷத்தில்.

அப்படியே செய்தேன். இன்று காலை குருணை தின்றது. என் விரலையும் கொத்தியது.

அப்போதுதான் உற்றுப் பார்த்தேன், ஊதாப் புட்டியில் எழுத்துக்குக் கீழே ஒரு படம். நீ டின்னைத் தந்த அன்று அதைச் சொம்பு என்று நினைத்திருந்தேன். அது கோழி. சிவப்புப் புட்டியில் ஒரு கை. யாருக்காக வரைந்தாய்? உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் கண்ணாடியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாய்.

என் எழுத்தைவிட உன் கோழி கோணல், மச்சான். அந்தச் சீட்டுகளை நான் மாற்றப் போவதில்லை.

அடுத்த வாரம் கூடையைத் திறந்துவிட்டு, காயம் ஆறியதா என்று எழுதுகிறேன். இப்போது நிஜமாகவே ஒரு கண்ணாடியும் வாங்கிவிட்டேன்.