பனியில் வைத்த உலை

உல்சான்,
19 ஜனவரி 1997

அன்புள்ள சுல்கி அப்பாவுக்கு,

சியோலில் குளிர் எப்படி இருக்கிறது? போலீஸ் நுழையத் தயங்கும் அந்தப் பேராலய முற்றத்துக் கூடாரங்களில் உங்களோடு சங்கத்து ஆட்கள் உட்கார்ந்திருப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சுல்கி ஒவ்வொரு தொப்பியாகத் தொட்டு, இது அப்பாவா, இது அப்பாவா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே கப்பல் கட்டும் தளம் சத்தமில்லாமல் கிடக்கிறது. பாரந்தூக்கிகள் வானத்தைப் பார்த்தபடி நிற்கின்றன. கடலின் இரைச்சல் எங்கள் சமையல்கூடம் வரை வருகிறது. வெங்காயம் நறுக்கும்போது தரை மெல்ல அசைவதுபோல, நாங்கள் எல்லோரும் எங்கோ மிதந்துகொண்டிருப்பதுபோலத் தோன்றும்.

ஒரு செய்தி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கேன்டீன் பெண்கள் நாங்களும் வேலைநிறுத்தத்தில் சேர்ந்துவிட்டோம்.

போன வாரம் மேலாளர் குவாக் வந்தார். இந்தச் சட்டச் சண்டை ஆம்பளைகளோடது, உங்களுக்கு இதில் ஒன்றுமில்லை, அதிகாரிகளுக்கு மட்டும் சமைத்துக்கொண்டிருங்கள் என்றார். மரியாதையாகத்தான் பேசினார். கப்சுன் அக்கா கரண்டியைக் கீழே வைக்காமலே கேட்டாள்:

"ஊரே தூங்குறப்ப சட்டம் போட்டுட்டாங்க, இனிமே இஷ்டத்துக்கு ஆள் குறைக்கலாம்னு. முதல்ல யாரைக் குறைப்பீங்க சார்? வெல்டருங்களையா, எங்களையா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். அவர் துடைத்து முடிப்பதற்குள் என் கை போய் அண்டாவைக் கொதிக்கவைக்கும் நீராவிக் குழாயை மூடிவிட்டது. நானா மூடினேன் என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை. பக்கத்து அண்டாவும் அடங்கியது, அதற்கடுத்ததும்.

அண்டாக்களைத் தள்ளுவண்டியில் ஏற்றி, பெரிய கேட் முன்னால் வேலைநிறுத்தத்தில் நிற்கும் ஆட்களுக்கு உலை வைத்தோம். சோயா முளைச் சாறு. நம் ஊரில் அபூர்வமாகப் பெய்யும் பனி அன்று பெய்தது. ஆவியும் பனியும் கலந்து முகங்களே தெரியவில்லை, வெண்மைக்குள்ளிருந்து கிண்ணங்கள் மட்டும் நீண்டு வந்தன. ஒரு கையில், கட்டைவிரல் ஓரம், உங்களுக்கு இருப்பதுபோலவே தீக்காயத் தழும்பு. இரண்டு கரண்டி சேர்த்து ஊற்றினேன். "போதும் அண்ணி" என்றது குரல். வேறு யாரோ.

மறுநாள் எங்கள் அனுமதி அட்டைகளைப் பிடுங்கிக்கொண்டார்கள். கப்சுன் அக்கா கேட்டில் சிரித்துவிட்டு பஸ்ஸில் அழுதாள். ஆனாலும் தினமும் சமைக்கிறோம். சந்தைக்காரிகள் முள்ளங்கி கொடுக்கிறார்கள். சட்டத்தை மறுபடி பேச்சுக்கு எடுப்பார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம்பலாமா?

சந்திரப் புத்தாண்டுக்கு யாருக்கும் தெரியாமல் வந்து போகிறேன் என்று சொல்லியனுப்பினீர்களாம். வேண்டாம். உங்கள் பேரில் கைது ஆணை வந்ததிலிருந்து நம் கட்டடத்துக்கு எதிரே ஒரு கார் நிற்கிறது. சுல்கி அதிலிருப்பவர்களுக்குக் கையசைக்கிறாள். ஒருவர் பதிலுக்கு அசைக்கிறார்.

வரும்போது பட்டப்பகலில் வாருங்கள். படியில் காலணிச் சத்தம் கேட்க, சுல்கியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வாருங்கள். அதுவரை அங்கேயே இருங்கள், குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். படியில் யார் ஏறினாலும் நான் எழுந்து உட்காருவதில்லை. நன்றாகத்தான் தூங்குகிறேன்.

உங்கள்,
மல்சுன்