பக்கங்கள் மாறவில்லை

12.7.2005, செவ்வாய்

ஒன்பதாம் வகுப்பில் இன்று வரைபடத்தாளில் ஒரு செவ்வகத்தை வரைந்து, அதை வலப்பக்கம் நகர்த்திக் காட்டினேன். இடம் மாறினாலும் பக்கங்களின் நீளம் மாறாது என்றேன். அனுமந்தைக் குப்பத்துச் செல்வி மட்டும் நம்பவில்லை. "நிஜமாவே மாறாதா மிஸ்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் அவள் அம்மாவிடம் என்னைக் கையோடு அழைத்துப்போனாள். சுனாமி அலை கொண்டுபோன வீட்டுக்குப் பதிலாக, ரோட்டுக்கு மேற்கே உப்பளத்துப் பக்கம் அவர்களுக்கு இடம் குறித்திருக்கிறார்கள். அது சின்னது, வேண்டாம் என்கிறாளாம் அம்மா. கரையில் மிஞ்சிக் கிடக்கும் பழைய தரையைக் கயிற்றால் அளந்தோம். அதே கயிற்றைக் கொண்டுபோய்ப் புது இடத்தில் பிடித்தோம். நான்கு பக்கமும் சரியாக இருந்தது.

"பாத்தியாம்மா, மிஸ் சொன்னாங்கல்ல!" என்று செல்வி குதித்தாள்.

அவள் அம்மா கயிற்றைச் சுருட்டினாள். "அளவு சரிதாங்க டீச்சர். அவரு வலையத் தூக்கிக்கிட்டு, நா கூடையத் தூக்கிக்கிட்டு, தெனம் இங்கேருந்து கடலுக்கு நடக்கணுமே. அத யாரு அளந்தாங்க?"

அந்தத் தூரத்தை ஒருமுறை வெறுங்கையோடு நடந்த எனக்கே முழங்கால் விண்விண் என்கிறது. படுக்கிறேன்.