இரண்டு கையும் மேலே

மாலதி தன் புதிய மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி முறுக்கியபோது, பெட்ரோலும் எண்ணெயும் சேர்ந்து எரிந்த நீலப் புகை வீட்டுக்குள் வந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே போனேன். அந்த வாசனைக்கு நான் இன்னும் எழுந்து போகிறேன் என்று தெரிந்தால் நீ சிரிப்பாயடி.

மகளுக்கு லைசென்ஸ் வந்துவிட்டது. “நூத்தி இருபத்தஞ்சு சிசிதாம்மா, சின்னதுதான்லா” என்கிறாள். சின்னதுதான். ஆனால் ஹேண்டில் தாழ்ந்து, டேங்க் நீண்டு, ஏறினால் முதுகைத் தானாக வளைக்கிற வண்டி. பந்தயத்துக்குப் புறப்பட்டது போல நின்றாலே ஒரு அவசரம் அதற்கு. நான் அவளை ஏறி உட்காரச் சொன்னேன். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் படுகிறதா என்று குனிந்து பார்த்தேன்.

“என்னம்மா, செருப்புக்கு அளவு எடுக்கிறியா?”

நீ எனக்கு அப்படித்தான் குனிந்து பார்த்தாய். நீ கண்ணை மூடிய பிறகு உன்னிடம் சொல்ல எனக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி இது. அதனால் எழுதுகிறேன்.

காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்கார அரசாங்கம் வேட்டையாடிய அவசரகாலத்தில் நம் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். ஆறு மணிக்கு கேட்டு மூடிவிடும். அதற்குப் பிறகு வெளியே நிற்பவர் யார் என்று கேட்காமலே சுடலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த நேரத்தில்தான் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் கோலா கெத்திலைத் தாண்டி வேறொரு தோட்டத்தில். அந்தப் பக்கம் பஸ் கிடையாது. லோரியில் போனால் திரும்பி வருவதற்குள் கேட்டு மூடியிருக்கும். பள்ளி திறக்கும் அன்று போய்ச் சேராவிட்டால் வேலை இன்னொருத்திக்கு. ரப்பர் புகைக்கூடத்து வேலை முடித்துக் கண் சிவந்து வந்த அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: “எனக்கு வேலை வேணாம். மகள் வேணும்.”

நீ தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸரின் மகள். உன் அப்பா பழைய கார் ஒன்று வாங்கியதும், அவருடைய நூற்றிருபத்தைந்து சிசி வண்டி ஆஸ்பத்திரிக் கொட்டகையில் உனக்கென்று நின்றது. லைசென்சும் வாங்கிவிட்டாய். தோட்டத்தில் அதற்குமுன் எந்தப் பெண்ணும் செய்யாத காரியம். “நான் ஏத்திட்டுப் போறேன் மாமா” என்று நீ அப்பாவிடம் சொன்னபோது எனக்கு வேலை கிடைத்தே விட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நாள் சாமான் வாங்க, மருந்து வாங்க என்று உன் பின்னால் உட்கார்ந்து ஊரெல்லாம் போய்ப் பழகினேன்.

வழியில் சோதனைச் சாவடி வரும். “அங்காட் தாங்கான்!” என்று கத்துவார்கள். நீ எஞ்சினை அணைத்துக் கைகளைத் தூக்குவாய். பின்னால் நானும் தூக்குவேன். வண்டியை உன் முழங்கால்களும் நம் நான்கு பாதங்களும் பிடித்துக்கொள்ளும். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு யாரும் அரிசி கொண்டுபோகக் கூடாது என்று பையைக் கொட்டுவார்கள், சைக்கிள் பம்பைக்கூடத் திருகிப் பார்ப்பார்கள். ஒருநாள் தமிழ்க் காவலர் ஒருவர் நம் டேங்கின் மூடியைத் திறந்து மூக்கை வைத்தார்.

“ஏண்ணே, டேங்குல அரிசி போட்டா வண்டி கஞ்சிலயா ஓடும்?” என்றாய், கைகளை இறக்காமலே.

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “வாயாடி, போ போ” என்று விட்டுவிட்டார். நானோ அடுத்த மரம் தாண்டிய பிறகுதான் கையை இறக்கினேன்.

பிறகு ஒரு காலை வந்து பார்த்தால் வண்டியின் பின் சீட்டைக் காணோம். ஹேண்டிலைத் தலைகீழாகத் திருப்பி மாட்டியிருந்தாய். நீ டேங்கின் மேல் படுத்துக்கொண்டு வாயாலேயே எஞ்சின் சத்தம் போட்டாய்.

“என்னடி இது?”

“ரேஸ் வண்டி. ரேஸ் வண்டியில ஒராளுதான்.”

“அப்ப நான்?”

“நீ ஓட்டு. நான் பஸ்ல வர்றேன்.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பள்ளி திறக்க ஒரு மாதம்கூட இல்லை. இவளுக்குப் பந்தய ஆசை என்று நினைத்தேன். கொட்டகையைவிட்டு வெளியேறப் போனேன். நீ பின்னாலிருந்து சொன்னாய்: “பினாங்குல நர்ஸ் டிரெய்னிங் கெடைச்சிருச்சுடி. நான் போய்ட்டா தெனமும் உன்ன யாரு ஏத்திட்டுப் போவா? வண்டி இங்கதான் நிக்கும். அப்பாகிட்ட கேட்டுட்டேன்.”

நான் திரும்பி வந்தேன். நீ கழற்றிய பின் சீட்டைப் பழைய துணியில் சுற்றி என் கையில் வைத்தாய். “ஸ்கூல்ல நாக்காலி கட்டையா இருக்கும். போட்டுக்க.”

சேலையில் கால் போட முடியாது. கேட்டுக் காவலுக்கு இருந்த ஜாகாவின் பஞ்சாபி மனைவியிடம் போய் அவர்கள் சல்வார் உடுப்பை இரவல் கேட்டாய். அந்த அம்மா என்னைவிட இரண்டு மடங்கு. நாடாவை இழுத்துக் கட்டி, எல் போர்டைத் தொங்கவிட்டு, நான் தோட்டத்து மண்பாதையில் விழுந்து எழுந்தேன். தொழிலாளர் லயத்துப் பெண்கள் வேலியோரம் நின்று, “டீச்சரம்மா, ரோடு அந்தப் பக்கம்!” என்று கத்தினார்கள். திருப்பி மாட்டிய ஹேண்டிலில் மணிக்கட்டு வீங்கியது. அதை மட்டும் நீ பழையபடி நிமிர்த்திக் கொடுத்தாய். சீட்டைத் திருப்பி மாட்ட விடவில்லை.

ஒருநாள் உன் அப்பாவின் நண்பர் ஒருவர் பெரிய வண்டியில் வந்தார். அதன் சத்தத்தில் நான் மயங்கி நின்றேன். நீ பாதத்தால் என் பாதத்தை மிதித்தாய். “பெரிசு நம்மள ஓட்டும். சின்னத நாம ஓட்டலாம். காலு தரையில நிக்குதா, அத பாரு.”

லைசென்ஸ் சோதனை சுங்கை பட்டாணியில். நான் தனியாக ஓட்டி வந்தேன். நீ சொன்னபடியே பஸ்ஸில் வந்து ஒரு மழைமரத்தடியில் நின்றாய். அதிகாரி மலாய்க்காரர், பெரிய மீசை. கைச் சைகைகளைச் சரியாகக் காட்டினேன். எட்டுப் போட்டேன். கடைசியில் அவசர நிறுத்தம்: நான் வேகமாக வர வேண்டும், அவர் திடீரென்று குறுக்கே வந்து கையைத் தூக்குவார், நான் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

அவர் காக்கிச் சட்டையில் கையைத் தூக்கினார். நான் நின்றேன். எஞ்சினை அணைத்தேன். ஹேண்டிலை விட்டு இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினேன்.

மைதானத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்பது எனக்கே மெல்லத்தான் புரிந்தது. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். கையை இறக்கவும் பயம், தூக்கியே வைத்திருக்கவும் வெட்கம். அதிகாரி மெதுவாக நடந்து வந்து முதலில் என் கைகளைப் பார்த்தார், பிறகு கால்களை. இரண்டு பாதமும் தரையில் ஊன்றியிருந்தன. வண்டி என் முழங்கால்களுக்கு நடுவில் அசையாமல் நின்றது.

“சிக்கு,” என்றார். நான் ஆசிரியை என்று மனுவில் பார்த்து மலாயில் ‘டீச்சர்’ என்கிறார். “தா பாயா சரெண்டர் லா.” சரணடைய வேண்டியதில்லையாம். மீசை ஆடியது. “கையை விட்டும் வண்டி விழவில்லை. போதும்.”

மரத்தடியில் நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாய். சிரிக்கிறாய் என்று நினைத்துத் திட்டிக்கொண்டே வந்தேன். கிட்ட வந்து பார்த்தால் நீ அழுதுகொண்டிருந்தாய். “பாஸ்தானேடி? பாஸ்தானே?” என்றாய்.

பள்ளி திறந்த அன்று நான் மணி அடிக்குமுன் போய்ச் சேர்ந்தேன். மாலை கேட்டுக்குத் திரும்பியபோது அப்பா அதன் உள்பக்கம் நின்றிருந்தார். வண்டியின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார். மறுநாளிலிருந்து அங்கே நிற்கவில்லை.

பிறகு வேலி போனது, தோட்டம் துண்டு துண்டாக விலைபோனது, நீ கூலிமில் பெரிய நர்ஸ் ஆனாய். நான் வேலைக்கு நடுவில் கல்லூரிக்கும் போனேன், இப்போது தலைமையாசிரியை. நீ கொடுத்த சீட்டுக்கு மூன்று முறை உறை மாற்றிவிட்டேன். இதை எழுதுவதும் அதன்மேல் உட்கார்ந்துதான்.

நேற்று மாலதி, “ஏறும்மா, ஒரு ரவுண்டு” என்றாள். அவள் வண்டியில் பின் சீட்டு உள்ளங்கை அகலம்தான். இருந்தாலும் ஏறினேன். நன்றாகத்தான் ஓட்டுகிறாள், வளைவில் முறுக்குவதில்லை, முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கிறாள். டவுன் முனையில் போலீஸ் சோதனை. இளம் போலீஸ்காரர் ஒருவர் கையைத் தூக்கினார். அவள் நிறுத்திப் பாதங்களை ஊன்றினாள். கைகள் ஹேண்டிலிலேயே இருந்தன. வேறெங்கும் போக வேண்டும் என்று அந்தக் கைகளுக்குத் தெரியாது.

என்னுடையவை தலைக்குமேல் போய்விட்டன.

“அம்மா, என்னப் பிடிச்சுக்கலா!” என்றாள் மாலதி. போலீஸ்காரர் எங்களைப் போகச் சொன்னார். பின் சீட்டில் ஒரு அம்மா தனக்குக் கையசைப்பதாக நினைத்து அவரும் சிரித்துக்கொண்டே கையசைத்தார். வண்டி கிளம்பியது. ஒரு கையை இறக்கி மகளின் தோளைப் பிடித்துக்கொண்டேன். மற்றதை அடுத்த வளைவுவரை மேலேயே வைத்திருந்தேன், உனக்காக.